நீச்சல் வகுப்பின் கரையில்

அன்புள்ள தம்பிக்கு,

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பதைக் கரையில் உட்கார்ந்து பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது, ஆசிரியர் மூச்சிலிருந்து தொடங்குகிறாரா என்பதுதான். நல்ல வகுப்பில் முதல் நாள் யாரும் நீந்துவதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, வாயால் காற்றை இழுத்து, முகத்தை உள்ளே அமிழ்த்திக் குமிழி விடுவார்கள். அது பழகிய பிறகுதான் மிதப்பது, சுவரை உதைத்து வழுக்கிப் போவது, காலடிப்பது எல்லாம். பயந்த உடம்பு விறைத்துக்கொள்ளும். விறைத்த உடம்புக்குக் கைவீச்சு சொல்லிக்கொடுத்துப் பயனில்லை.

அடுத்தது திருத்தம். ஆசிரியரின் தரம் தெரிவது இங்கேதான். கால் தாழ்ந்து தத்தளிக்கும் பையனிடம் "காலைத் தூக்கு" என்று கத்துபவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலும் தலை நிமிர்வதால்தான் கால் தாழ்கிறது. காற்று நிறைந்த நெஞ்சை நடுவே வைத்து உடம்பு ஏற்றப்பலகை போல ஒரு பக்கம் ஏற, மறுபக்கம் இறங்கும். காரணம் தெரிந்தவர் "தரையைப் பார்" என்று மட்டும் சொல்வார். தலை தாழும், இடுப்பு தானாக மேலே வரும்.

இப்படிக் கவனிப்பது ஆய்வாகவே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடனின் பயிற்சிகளை 1974-75 பருவத்தில் கேலிமோர், தார்ப் என்ற இரு உளவியலாளர்கள் உட்கார்ந்து பதிவு செய்தார்கள். அவர்கள் குறித்த 2,326 கற்பித்தல் செயல்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, எதை எப்படிச் செய்வது என்ற தகவல்தான். பாராட்டு 7 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. தவறைக் கண்டால் வுடன் சரியான முறையைச் செய்துகாட்டுவார், வீரர் செய்ததையும் செய்துகாட்டுவார், மறுபடி சரியானதைக் காட்டுவார். பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும். அவரிடம் இருந்தவர்கள் தேர்ந்த வீரர்கள்தான். ஆனாலும் ஆண்டின் தொடக்கத்தில் காலுறையைச் சுருக்கமில்லாமல் போடுவதைக்கூட அவர் சொல்லிக்கொடுத்தார். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஓட முடியாது.

நீச்சல் வகுப்பிலும் இப்படிக் குறிப்பெடுக்கலாம், ஆனால் நடக்கும் எல்லாவற்றையும் எழுத முயன்றால் எதுவும் தேறாது. ஒரே ஒரு பிள்ளையை மட்டும் தொடர்வது நல்லது: அவன் என்ன செய்தான், ஆசிரியர் என்ன சொன்னார், அடுத்த முறை என்ன மாறியது. கடைசிக் கேள்வியின் பதில்தான் மிக முக்கியம். ஆசிரியர் "சபாஷ்" என்று மட்டும் சொன்ன பிறகு குறிப்பில் அந்தப் பதிலுக்கான இடம் பெரும்பாலும் காலியாக இருக்கும். அவன் தண்ணீரில் இருந்த நேரத்தையும் வரிசையில் நின்ற நேரத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டும். நின்ற நேரம் அதிகமென்றால், ஆசிரியரைக் குறைசொல்லும் முன் அவரிடம் எத்தனை பிள்ளைகளை ஒப்படைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப்பார்ப்பதே நியாயம்.

அன்புடன்,
அண்ணன்