கம்ப்யூட்டர் படிக்கப் போகும் நீலசந்திரா பிள்ளைகளுக்கு

போன வருஷம் மே கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் பெங்களூர் நீலசந்திராவின் பஜார் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர் ஒருவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் செகண்ட் பி.யு.சி., அதாவது பன்னிரண்டாவது, முடித்து கர்நாடக நுழைவுத் தேர்வான சி.இ.டி. எழுதியிருந்தான். ரேங்க் சுமார்தான். தனியார் கல்லூரி ஒன்றில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் 'ஏ.ஐ. அண்ட் எம்.எல்.' சீட்டு பேசி வைத்திருக்கிறார்களாம். கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கும் பூர்வீக நிலத்தை விற்பதாகவும், மிச்சத்துக்கு பேங்க் லோன் போடுவதாகவும் அப்பா சொன்னார். "நீங்க கம்பெனில இருக்கறவங்க. ஒரு வார்த்தை சரின்னு சொல்லுங்கம்மா, போய் கட்டிட்டு வந்துடறேன்" என்றார். ஏன் இந்த பிராஞ்ச் என்று பையனைக் கேட்டேன். "எல்லாரும் அதான் மிஸ் எடுக்கறாங்க" என்றான், தரையைப் பார்த்தபடி.

பத்து வருஷமாக ஞாயிறு காலையில் பி.யு.சி. பிள்ளைகளுக்குக் கணக்கும் கொஞ்சம் புரோகிராமிங்கும் சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் இதே காட்சி. பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்பதை மாமாவும் பக்கத்து வீட்டுக்காரரும் சீட்டு புரோக்கரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். ஹொசூர் ரோட்டைத் தாண்டினால் கோரமங்களா. 2007-ல் ஃபிளிப்கார்ட் பிறந்த இடம். அந்தக் கண்ணாடிக் கட்டடங்களை மாடியிலிருந்து பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள். அதற்குள் போக ஒரே ஒரு கதவுதான் என்று பெற்றோர் நம்பிவிடுவதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், யோசிக்கவே தேவையில்லாத வழி. சி.இ.டி.யில் நல்ல ரேங்க் வந்து, அரசு ஒதுக்கீட்டில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கே.ஆர். சர்க்கிளில் விஸ்வேஸ்வரய்யா 1917-ல் தொடங்கிய யு.வி.சி.இ. பொறியியல் கல்லூரி கிடைத்தால் கோவிலுக்குப் போய் தேங்காய் உடைத்துவிட்டுச் சேருங்கள். ரேங்க் போடும்போது பாதி எடை பி.யு.சி.யின் இயற்பியல், வேதியியல், கணித மதிப்பெண்ணுக்குத்தான். 'சி.இ.டி. கோச்சிங் போறான், போர்டு எக்ஸாம் பார்த்துக்கலாம்' என்று அலட்சியமாக இருந்து ரேங்க்கைக் கோட்டை விட்டவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

நம் ஊர்த் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிள்ளையைச் சில வருஷம் தமிழ்நாட்டில் பாட்டி வீட்டில் விட்டுப் படிக்க வைத்திருப்பீர்கள், அல்லது நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் சேர்த்திருப்பீர்கள். கர்நாடக ஒதுக்கீட்டுக்கு வழக்கமான தகுதி, முதல் வகுப்பிலிருந்து பி.யு.சி.க்குள் ஏழு வருஷமாவது இந்த மாநிலத்தில் படித்திருப்பதும், பத்தாவதையோ பன்னிரண்டாவதையோ இங்கே முடித்திருப்பதும்தான். பழைய பள்ளிகளில் போய் படிப்புச் சான்றிதழ் வாங்குவதை ஜூன் வரை தள்ளிப் போடாதீர்கள்.

இனி, தையல்காரர் பேசி வைத்திருந்த சீட்டுக்கு வருகிறேன். நிறையச் சொல்ல வேண்டியது இதைப் பற்றித்தான்.

ஒரு பிராஞ்சில் இத்தனை சீட்டுக்கு மேல் கூடாது என்று இருந்த உச்சவரம்பைத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. 2024-25-லிருந்து எடுத்துவிட்டது. சிவில், மெக்கானிக்கல் சீட்டுகளைக் குறைத்துவிட்டு கம்ப்யூட்டர் பிரிவுகளைப் பெருக்கும் போக்கு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஏ.ஐ., டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று பெயர்களும் பெருகின. சீட்டை ஒரே வருஷத்தில் இரட்டிப்பாக்கலாம். நன்றாகச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியரை அப்படி ஒரு வருஷத்தில் உண்டாக்க முடியாது. கம்பெனியில் மூன்று மடங்கு சம்பளம் கிடைக்கிறபோது மெஷின் லேர்னிங் ஆழமாகத் தெரிந்த ஒருவர் சாதாரணக் கல்லூரியில் பாடம் எடுக்க வருவது அபூர்வம். நேற்று வரை வேறு பாடம் எடுத்தவரே ஸ்லைடைப் பார்த்துப் படித்துக் காட்டும் வகுப்புகளைப் பற்றிப் பிள்ளைகள் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

பாடத்திட்டத்தையும் பிரித்துப் பாருங்கள். வி.டி.யு. பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரி என்றால் முதல் வருஷம் எந்த பிராஞ்சாக இருந்தாலும் பிசிக்ஸ் சைக்கிள், கெமிஸ்ட்ரி சைக்கிள் என்று பொதுப் பாடங்கள்தான். இரண்டாம் வருஷத்தில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், அல்காரிதம், டேட்டாபேஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரனும் ஏ.ஐ.காரனும் பெரும்பாலும் அதே பாடங்களைத்தான் படிக்கிறார்கள். பெயருக்கேற்ற தனிப் பாடங்கள் பெரும்பாலும் மூன்றாம் வருஷத்திலிருந்துதான். அதற்குள் நுழைய வேண்டுமானால் லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு, கால்குலஸ் மூன்றும் கைக்கு வசமாகியிருக்க வேண்டும். பி.யு.சி.யில் கணக்கை மனப்பாடம் செய்து தேறிய பிள்ளையைக் கம்ப்யூட்டர் பிரிவுகளிலேயே கணக்கு அதிகம் கேட்கும் பிராஞ்சில் கொண்டுபோய் உட்கார வைக்கிறோம். அவன் பேக், அதாவது அரியர், வைப்பான். கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளில் பல, பத்தாவதிலிருந்து டிகிரி வரை 60 சதவீதமும் பேக் இல்லாமையும் கேட்கும். அதே எழுத்துத் தேர்வு, அதே கோடிங் டெஸ்ட்டுதான் எல்லா பிராஞ்சுக்கும். கடைசி வருஷ ப்ராஜெக்ட்டை ரிப்போர்ட்டும் ஸ்லைடுமாகச் சேர்த்து விலைக்குக் கொடுக்கும் கடைகள் இந்த ஊரில் இருக்கின்றன. நான் இன்டர்வியூ எடுக்கும்போது 'ரெஸ்யூமேல போட்டிருக்கற ப்ராஜெக்ட்ல இந்த வரி என்ன செய்யுது' என்று மட்டும்தான் கேட்பேன். வாங்கி வந்த பிள்ளையின் முகம் அந்த இடத்தில் வாடுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. அதைவிட, அந்தப் பிள்ளையை அங்கே தள்ளிவிட்டவர்கள் மேல் கோபம் வரும்.

கடனைக் கணக்குப் போடலாம். வருஷத்துக்கு இரண்டரை லட்சம் வீதம் நான்கு வருஷத்தில் பத்து லட்சம் வாங்குகிறீர்கள். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கேட்க மாட்டார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். தனிவட்டியாகவே போட்டாலும் தவணை தொடங்கும் நாளில் கடன் பதிமூன்றரை லட்சம். பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 17,800 ரூபாய். பெரிய சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேருபவருக்குப் பல வருஷமாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டிய சம்பளம்தான். கையில் வருவது மாதம் 25,000 சொச்சம். அதில் 17,800 போனால் மிச்சத்தில் பஸ்ஸும் சாப்பாடும்தான் ஆகும்; வீட்டுக்கு என்ன கொடுப்பான்? ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் கடன் கிடைக்க வழி உண்டு. அதற்கு மேலே போனால் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பார்கள்.

அதுவும் அந்த வேலை கிடைத்தால். 2021-ல் கம்பெனிகள் அள்ளி அள்ளி ஆள் எடுத்தன. அதைப் பார்த்துச் சேர்ந்த பிள்ளைகள் 2025-ல் வெளியே வந்தார்கள். அந்த ஜூலையில்தான் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாக அறிவித்தது. சேரும்போது இருக்கும் மோகம் முடிக்கும்போது இருப்பதில்லை.

இதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். 1998-ல் எங்கே பார்த்தாலும், 2000 பிறந்தால் பழைய புரோகிராம்கள் தேதியில் தடுமாறும் என்ற ஒய்-டூ-கே பேச்சு. அவற்றைச் சரிசெய்ய கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தால் அமெரிக்கா என்றார்கள். அம்மாவின் வளையலை அடகு வைத்து அண்ணனை ஒரு இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்தார் அப்பா. அண்ணனுக்கு மோட்டாரும் மெஷினும்தான் உயிர். திரை முன்னால் உட்கார்ந்தால் தலை வலிக்கும் அவனுக்கு. சான்றிதழ் கைக்கு வந்தபோது 2000 பிறந்துவிட்டது, கோபாலைத் தேடுவாரும் இல்லை. ஏழு வருஷம் கண்ட வேலையெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் அவன் விரும்பிய லேத் பட்டறைக்கே வந்து சேர்ந்தான். வளையல் மூழ்கிப்போனது. அதனால் மோகத்தின் பேரில் கட்டும் பணத்தைப் பற்றிப் பேசும்போது என் குரல் கொஞ்சம் உயரத்தான் செய்யும்.

நான் படித்தது பி.எஸ்ஸி. பி.எம்.சி.எஸ். இயற்பியல், கணிதம், கம்ப்யூட்டர் மூன்றும் சேர்ந்த பழைய பெங்களூர் கூட்டு. அப்புறம் எம்.சி.ஏ. என்னைக் கேட்டால் நான் இந்தப் பக்கம்தான் சாய்வேன். எம்.சி.ஏ. என்ற படிப்பை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன்; கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் பிறகு நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்திலும் பணியாற்றியவர். பொறியியல் படிக்காத பட்டதாரிகளும் இந்தத் துறைக்குள் முறையாக வர எம்.சி.ஏ. வழி திறந்தது. என் காலத்தில் அது மூன்று வருஷம். 2020-21 முதல் இரண்டு வருஷமாகிவிட்டது. பி.எஸ்ஸி. மூன்றும் எம்.சி.ஏ. இரண்டும் ஐந்து. பி.இ.யைவிட ஒரு வருஷம் கூடுதல்தான். ஆனால் அரசுக் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. கட்டணத்தை அப்பா கடன் வாங்காமல் கட்டலாம். பதினெட்டு வயதில் தெரியாத ஒன்றை இருபத்தொரு வயதில், தன் ருசி தெரிந்தபின், பிள்ளையே முடிவு செய்யலாம். எம்.சி.ஏ.வுக்குக் கர்நாடக நுழைவுத் தேர்வான பி.ஜி.சி.இ.டி. எழுதலாம்; கணக்கு படித்திருந்தால் என்.ஐ.டி.களின் நுழைவுத் தேர்வான நிம்செட் எழுதி சூரத்கல், திருச்சி என்.ஐ.டி.க்கும் முயலலாம்.

பி.சி.ஏ.வைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு இளக்காரம் இருக்கிறது, அது தவறு. காமர்ஸ் எடுத்த பிள்ளைக்கும் திறந்திருக்கும் வழி அது. 2024-25-லிருந்து ஏ.ஐ.சி.டி.இ.யின் கீழும் வந்துவிட்டது. பி.சி.ஏ., பி.எஸ்ஸி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, கூடவே எம்.டெக். படிக்க வைக்கும் திட்டம் விப்ரோவில் உண்டு. குறை, கணக்கு மெலிவாக இருப்பது. அதைத் தனியே படித்து நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பத்தாவது முடித்ததுமே கையால் செய்து பார்க்கும் ஆசை இருக்கிற பிள்ளைக்கு பாலிடெக்னிக் நல்லது. மூன்று வருஷ டிப்ளமோ, பிறகு டிப்ளமோக்காரர்களுக்கான நுழைவுத் தேர்வான டி.சி.இ.டி. எழுதி நேராக பி.இ. இரண்டாம் வருஷம். நான் பார்த்தவரை லேபில் தயங்காமல் கை வைப்பவர்கள் இவர்கள்தான்.

சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பையும் கேட்கிறார்கள். ஜே.இ.இ. வேண்டாம், நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். பாடம் வீடியோவில், பரீட்சை நேரில். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. பி.எஸ்ஸி.யோடு சேர்த்தே படிக்கலாம். ஆனால் தினம் இரவு இரண்டு மணி நேரம் யாரும் சொல்லாமல் உட்காரும் பிள்ளைக்குத்தான் அது. ஏ.ஐ. படிக்க உண்மையிலேயே ஆசையா, பெயருக்குத்தானா என்பது அதன் முதல் கட்டக் கணக்குப் பாடங்களிலேயே தெரிந்துவிடும், வீடு விற்காமல்.

எந்த வழியாக இருந்தாலும், சேரும் முன் பிள்ளையை ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள். எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பைத்தான் இலவசம். வீட்டுக்குப் பயன்படும் சின்ன வேலை ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள்: சீட்டுப் பணக் கணக்கு, கடை பாக்கி, தண்ணீர் கேன் கணக்கு, எதுவானாலும். மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், தப்பு வரும்போது பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள். இந்தத் தொழிலில் நாளின் பெரும்பகுதி, ஓடாத ஒன்று ஏன் ஓடவில்லை என்று உட்கார்ந்து பார்ப்பதுதான். புரோகிராமை இப்போது ஏ.ஐ. கருவிகள் எழுதித் தருகின்றன. அவை எழுதியதில் எங்கே பிழை என்று கண்டுபிடிக்கும் ஆள் இன்னும் வேண்டியிருக்கிறது. பிழை வந்ததும் எரிச்சலில் மூடி வைக்கும் பிள்ளை சோம்பேறி என்று அர்த்தமில்லை. அதன் பொறுமை வேறு எதிலோ இருக்கிறது. என் அண்ணன் ஒரு ஷாஃப்ட்டை நூலளவு பிசகாமல் கடைய நான்கு மணி நேரம் நிற்பான். அந்தப் பொறுமை எங்கே இருக்கிறது என்று பெற்றோர் தேட வேண்டும். பிள்ளைகளே, நீங்களும் தேடுங்கள். மூன்று மாதத்தில் முழு டெவலப்பர் என்று போஸ்டர் ஒட்டுபவர்களை நம்பாதீர்கள். எனக்கு ஒரு புரோகிராமை அடுத்தவர் படிக்கும்படி எழுத வரவே வேலையில் சேர்ந்து நான்கு வருஷம் ஆனது.

தையல்காரர் மகனிடமும் இந்த வேலையைத்தான் கொடுத்தேன். அப்பா கடையில் எந்தத் துணி எந்தத் தேதிக்கு என்று சொல்லும் ஒரு புரோகிராம். முதல் வாரம் ஓடியது. 31-ஆம் தேதி வந்த ஆர்டரில் கவிழ்ந்தது. வெள்ளி ராத்திரி ஆரம்பித்து ஞாயிறு காலை வரை அதைத் தேடியிருக்கிறான். கண் சிவக்க வந்து நின்று, "மாசக் கடைசிய நான் யோசிக்கவே இல்ல மிஸ்" என்றான். கணக்கில் இன்னும் தடுமாற்றம்தான், ஆனால் உட்காருகிறான். அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்தான். முதல் செமஸ்டரில் மேட்ரிக்ஸைத் தூக்கிக்கொண்டு மூன்று ஞாயிறு வந்தான்.

அப்பாவுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனால், சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே, "அந்த ஏ.ஐ. சீட்டு விட்டது தப்பில்லையேம்மா?" என்று கேட்கிறார். இல்லை அண்ணா என்கிறேன். கிருஷ்ணகிரி நிலம் இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது.