செக்குத் தொழிலுக்குக் கூட்டுப் பத்திரம்

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் மணிலாக் காயை அப்படியே விற்பதைவிட, இருவர் மூவராகச் சேர்ந்து செக்கு வைத்து எண்ணெயாக விற்பது உழவர்க்குக் கூடுதல் வருவாய் தரக்கூடும். டி.எம்.வி. இரகங்களின் பெயரிலேயே திண்டிவனம் இருக்கிறது. மல்லாட்டைக்குப் பஞ்சமில்லாத மண். ஒருவர் கொட்டகை தருவார், ஒருவர் பணம் போடுவார், ஒருவர் நின்று ஆட்டுவார். "மாமன் மச்சானுக்குள் பத்திரம் எதற்கு?" என்று தொடங்கிவிடுவதில்தான் வம்பு.

நாம் எழுதாததைச் சட்டம் முடிவு செய்துவிடும். 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது இலாபமும் நட்டமும் சரிசமம். எழுபதாயிரம் போட்டவருக்கும் பத்தாயிரம் போட்டவருக்கும் ஒரே பங்கு. நாள்தோறும் ஆட்டுகிறவர் அதற்கெனச் சம்பளம் கேட்கவும் வழியில்லை. கொட்டகை தந்தவர் இன்னும் விழிப்பாக இருக்கவேண்டும். அதை முதலாகப் போட்டாரா, வாடகைக்கு விட்டாரா என்பது எழுத்தில் இல்லையேல், பிரியும்போது அது கூட்டுச் சொத்தே என்று மற்றவர் வாதிடலாம். ஆகவே அச்சுப் படிவத்தில் பெயரை மட்டும் நிரப்பிக் கையொப்பமிடாதீர்கள். யார் முதல் எவ்வளவு, பங்கு என்ன, உழைப்புக்கு மாதம் எவ்வளவு, கொட்டகை யாருடையது, வங்கியில் யார் யார் கையெழுத்து, விலகுகிறவருக்குக் கணக்கு எப்படி என்பவற்றை முத்திரைத்தாளில் தெளிவாக எழுதவேண்டும்.

அடுத்தது பதிவு. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கூட்டு நிறுவனத்தைப் பதியலாம். கட்டாயமில்லைதான், ஆயினும் 69-ஆம் பிரிவைக் கவனியுங்கள். பதியாத நிறுவனம், நூறு ரூபாய்க்கு மேற்பட்ட பாக்கிக்கு ஒப்பந்தத்தின்பேரில் கடைக்காரர் மீது வழக்குத் தொடர இயலாது. பத்து டின் எண்ணெயைக் கடனாக வாங்கியவர் கையை விரித்தால் அத்தோடு சரி. ஆனால் உங்கள்மீது பிறர் வழக்குப் போடத் தடையில்லை! பதிவேட்டில் கூட்டாளிகள் எல்லோர் பெயரும் இருக்கவேண்டும். வழக்குக்கு முன்பே பதிந்திருக்கவும் வேண்டும்.

செக்கின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் முழுப் பொறுப்பு. சொந்த நிலமும் தப்பாது. எனவே விலகுகிறவர் வாய்ச்சொல்லோடு போய்விடக்கூடாது. பதிவாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, அரசிதழிலும் மாவட்டத்தில் வரும் ஒரு தமிழ் நாளிதழிலும் வெளியிடவேண்டும். அதுவரை மற்றவர் வாங்கும் கடன் அவர் தலையிலும் விழக்கூடும்.