மருந்தே அந்நியமாகும்போது

உயர்தர உயிரியலில் நிர்ப்பீடனம் படிக்கும்போது, பிறபொருளெதிரிகளை எம்மைக் காக்கும் படைவீரர்களாகவே மனதில் பதித்துக்கொள்கிறோம். அதே படைவீரர்கள், ஒரு குழந்தையின் உயிர்காக்கும் மருந்தையே எதிரியென எண்ணித் தாக்குவதுமுண்டு. பரீட்சையில் இதைக் கேட்கமாட்டார்கள். ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

சிறுவர்களில் அதிகம் காணப்படும் புற்றுநோய் குருதிப் புற்றுநோயாகும். அதற்கான மருந்துகளுள் அஸ்பரஜினேஸ் வித்தியாசமானது. அது ஒரு நொதியம். எமது கலங்கள் பெரும்பாலும் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலத்தைத் தாமே தயாரிக்கும். புற்றுநோய்க் கலங்களோ குருதியில் வருவதையே நம்பியிருப்பவை. நொதியம் அதனை உடைத்துவிட, அவை பட்டினியால் மடிகின்றன. கினிப்பன்றியின் சீரம் எலிகளின் புற்றுக்கட்டிகளை அழிப்பதை 1953இல் ஜோன் கிட் அறிவித்தார். காரணம் இந்நொதியமே என்பதை 1961இல் ஜோன் புரூம் காட்டினார்.

இன்று இம்மருந்து பெரும்பாலும் ஈ.கோலை என்னும் பற்றீரியாவிலிருந்து பெறப்படுகின்றது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகின்றது. பற்றீரியாவின் புரதம் உடலுக்கு அந்நியம். முதல் தடவை பொதுவாக ஒன்றும் நடக்காது. உடல் சத்தமின்றிப் பிறபொருளெதிரிகளை ஆக்கிக்கொள்ளும். சில வாரங்கள் இடைவெளிவிட்டு மீண்டும் ஏற்றும்போதுதான் ஹிஸ்டமின் போன்ற பதார்த்தங்கள் வெளிப்பட்டுத் தோல் தடித்துச் சிவக்கும், அரிக்கும், உதடும் கண்ணிமையும் வீங்கும். கடுமையானால் மூச்சிழுக்கும், குருதியமுக்கம் விழும். உடனே மருந்தை நிறுத்தி, தொடைத் தசையில் அட்ரினலின் ஏற்றுவார்கள். "போன முறை ஒன்றும் ஆகவில்லையே" என்ற ஆறுதல் இங்கு செல்லாது. முடி கொட்டுவது இதில் சேராது. அது மருந்தின் பக்கவிளைவு, ஒவ்வாமையல்ல.

இன்னொரு வகை, என் பார்வையில், இதைவிடப் பொல்லாதது. வெளியே ஓர் அறிகுறியும் தெரியாது. ஆனால் உள்ளே பிறபொருளெதிரிகள் நொதியத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். பிள்ளை நன்றாக இருப்பதாகத் தாய் மகிழ்வாள், மருந்தோ வேலை செய்யாது. குருதியில் நொதியத்தின் செயற்பாட்டை அளந்துதான் இதனைக் கண்டறியலாம்.

ஒவ்வாமை வந்தவுடன், "இந்த மருந்தே வேண்டாம்" என்று பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிச் செல்ல நினைக்கும் பெற்றோர் உண்டு. அவர்களின் பயம் நியாயமானது, முடிவுதான் ஆபத்தானது. அஸ்பரஜினேஸ் முழுமையாகக் கிடைக்காத பிள்ளைகளில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். ஈ.கோலைக்குப் பதிலாக எர்வினியா என்ற வேறொரு பற்றீரியாவிலிருந்து பெறும் அஸ்பரஜினேஸ் உண்டு. முன்னைய பிறபொருளெதிரிகள் பொதுவாக அதனை அடையாளம் காண்பதில்லை. விலை அதிகம், எல்லா இடத்திலும் எளிதில் கிடைப்பதுமில்லை. ஆயினும் வைத்தியரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுதான்.

மருந்து ஏறி முடிந்த பின்னரும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் பிள்ளையை அவதானிப்பில் வைத்திருப்பார்கள். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அதற்கு முன் கிளம்பிவிடக் கூடாது. வீட்டுக்கு வந்தபின் தடிப்பு தெரிந்தால், கைவசமுள்ள அரிப்புக் குளிசையைக் கொடுத்து அடக்கிவிட்டு மறைக்கவும் கூடாது. எந்த மருந்து, எத்தனையாவது தடவை, எத்தனை நிமிடத்தில் என்ன தெரிந்தது என்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொண்டால், அடுத்த முறை பிள்ளையைப் பார்ப்பவர் புதிய வைத்தியராக இருந்தாலும் அந்த ஒரு வரி அவருக்குப் போதும்.