கட்டடத்தில் உறையும் கார்பன்

ஒரு வீட்டில் விளக்கேற்றுமுன்பே அவ்வீட்டின் பொருட்டுக் காற்றில் கலந்துவிட்ட கார்பன் உண்டு. செங்கல்லைச் சுட்டபோதும் எஃகை உருக்கியபோதும் வெளியேறிய அதனை உள்ளுறை கார்பன் என்பர். மின்செலவைப் பின்னாளிலும் குறைக்கலாம்; எழுப்பிவிட்ட சுவரின் கார்பனை மீட்க இயலாது. நட்சத்திரக் குறி பார்த்து மின்கருவி வாங்குவோரும் இக்கணக்கை எண்ணுவதில்லை.

சிமெண்ட்டின் இயல்பு தனித்தது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடலின் படிவு. அதன் சிப்பிகளில் அடைபட்ட கார்பன் ஆலைச் சூளையில் விடுபடுகிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். எரிபொருளின் புகை இதற்குப் புறம்பானது. சூரிய வெப்பத்தால் சூளையை மூட்டினாலும் இந்த 44 கிலோ குறையாது.

ஆகவே, சூளையில் விளையும் கிளிங்கரின் பங்கையே குறைக்க வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பலைக் கலப்பது நெடுநாளைய வழக்கம். சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட நிறுவனங்கள் சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு இணைந்து உருவாக்கிய கலவையில் கிளிங்கர் பாதியே. சுட்ட களிமண் 30 விழுக்காடு, சுடாத சுண்ணாம்புக்கல் தூள் 15 விழுக்காடு, எஞ்சியது ஜிப்சம். களிமண்ணுக்கு ஏறத்தாழ 800 பாகை செல்சியசு போதும். கிளிங்கருக்கோ 1450 பாகை வேண்டும்.

கலவையை மாற்றாமலும் வழியுண்டு. லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டில், செங்கற்களை நிமிர்த்தி அடுக்கி நடுவே வெற்றிடம் விடுவர். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். கூரைத் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. அங்குள்ள கான்கிரீட்டில் பெரும்பகுதி வெறும் சுமை. அவ்விடத்தில் அவர் பழைய ஓடுகளைப் பதித்தார். திருவனந்தபுரத்தில் அவர் எழுப்பிய வளர்ச்சி ஆய்வு மையத்தில் இன்றும் வகுப்புகள் நடைபெறுகின்றன.