கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்குமா? நீங்களே கணியுங்கள்

பிளஸ் டூ மதிப்பெண் வந்ததும் ஆளுக்கொரு ஆரூடம் சொல்வார்கள். பொறியியல் கலந்தாய்வுக்கு முன் நீங்களே கணக்குப் போட்டுவிடுங்கள்.

1. கணித மதிப்பெண்ணை அப்படியே வைத்து, இயற்பியல், வேதியியலைப் பாதியாக்கிக் கூட்டுங்கள். 96, 92, 94 என்றால் கட்-ஆஃப் 189. மொத்தம் 200-க்கான இந்தக் கட்-ஆஃப்படிதான் தரவரிசை.

2. சென்ற ஆண்டு கட்-ஆஃபை மட்டும் நம்பாதீர்கள். வினாத்தாள் எளிதானால் அது ஏறிவிடும். உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில், அதே பாடத்தில் கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுங்கள். கிண்டியிலேயே கணினி அறிவியலுக்கும் சுரங்கவியலுக்கும் இடைவெளி பெரிது.

3. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியா? 7.5 சதவீத ஒதுக்கீட்டைத் தனியே பாருங்கள். அங்கே போட்டியே வேறு.

4. ஆசைப்பட்ட கல்லூரியையே விருப்பப் பட்டியலில் முதலில் வையுங்கள். மேலே உள்ளது கிடைக்காவிட்டால் அடுத்ததைத்தான் கணினி பார்க்கும். கீழே உள்ளது பறிபோகாது. பயந்துபோய் சுமாரான கல்லூரியை முதலில் வைத்தால் அதுவே ஒதுக்கப்படும். தகுதியிருந்தும் பிள்ளைகள் இப்படி இழப்பதுதான் வேதனை.

5. உறுதியாகக் கிடைக்கக்கூடிய சிலவற்றையும் கடைசியில் சேருங்கள். பட்டியல் நீளமாக இருப்பதால் நஷ்டமில்லை.