மீட்டர் பேசலையா? அக்கா சொல்றதைக் கேளு!

பேனல் போர்டுல எனர்ஜி மீட்டரை எல்லாம் மாட்டியாச்சு, ஒயரும் இழுத்தாச்சு. கம்ப்யூட்டர்ல ஒரு ரீடிங்கும் வரலையா? உடனே "மீட்டர் மோசம்"னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குக் கிளம்பாதே. ஆர்எஸ்-485 லைன்ல மாட்பஸ் பேசற மீட்டர்னா, தகராறு பெரும்பாலும் செட்டிங்ல இருக்கும், இல்லன்னா ஒயர்ல இருக்கும். வரிசையாப் பாரு.

1. ஒயர்ல கை வைக்கிற ஒவ்வொரு தடவையும் முதல்ல மெயினை ஆஃப் பண்ணு. கம்யூனிகேஷன் ஒயர்ல சில வோல்ட்தான். ஆனா பக்கத்து டெர்மினல்ல 415 வோல்ட் இருக்கு. லோடு ஓடும்போது சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) ஒயரைக் கழட்டவே கழட்டாதே. திறந்த முனையில ஆளைக் கொல்ற வோல்டேஜ் ஏறும். அவசரம்னு சாக்குச் சொல்லாதே.

2. ஒரே ஒரு மீட்டரோட ஆரம்பி. அது பதில் சொன்னப்புறம் அடுத்ததைச் சேரு. எல்லாத்தையும் மாட்டிட்டுத் தப்பைத் தேடினா, பொழுது விடிஞ்சிடும்.

3. ஆளுக்கொரு நம்பர் (அட்ரஸ்) கொடு. 1-லிருந்து 247 வரைக்கும் கொடுக்கலாம். புது மீட்டர் பெரும்பாலும் 1-லதான் வரும். ரெண்டுக்கு ஒரே நம்பர்னா, ரெண்டும் ஒண்ணாப் பேசி எதுவும் புரியாது. நம்பரை ஸ்டிக்கர்ல எழுதி மீட்டர்மேல ஒட்டு.

4. பாட் ரேட், பாரிட்டி, ஸ்டாப் பிட் மூணும் மீட்டர்லயும் கம்ப்யூட்டர்லயும் ஒத்துப்போகணும். 9600 தாராளமாப் போதும். மாத்தினா சேவ் பண்ணு. சில மீட்டர் அணைச்சுப் போட்டாத்தான் ஏத்துக்கும்.

5. ஒயரைக் கிளை பிரிக்காதே. பூச்சரம் தொடுக்கிற மாதிரி ஒரு மீட்டர்லேருந்து அடுத்ததுக்குப் போகணும். முறுக்கு ஜோடி ஷீல்டு கேபிள்தான் வாங்கணும். பவர் கேபிளோட ஒண்ணாக் கட்டாதே, இரைச்சல் ஏறும். ஷீல்டை ஒரு முனையில மட்டும் எர்த் பண்ணு.

6. நீளமான லைன்னா ரெண்டு கடைசி முனையிலயும் 120 ஓம் ரெசிஸ்டர். நடுவுல போடாதே. சப்ளையை நிறுத்திட்டு ரெண்டு ஒயருக்கும் நடுவுல மல்டிமீட்டரை வை. 60 ஓம் கிட்ட காட்டினா சரி. 120 காட்டினா ஒரு முனை விட்டுப்போச்சு.

7. பதிலே வரலையா? ஏ, பி ஒயரை இடம் மாத்திப் பாரு. ஒரு கம்பெனி ஏ-ன்னு போடறதை இன்னொரு கம்பெனி பி-ன்னு போடும். மாத்தினா மீட்டர் கெட்டுப்போகாது, பயப்படாதே.

8. பதில் வருது, எண் கன்னாபின்னான்னு இருக்கா? மேனுவல்ல ரிஜிஸ்டர் நம்பர் 40001-னு இருந்தா, பல சாஃப்ட்வேர்ல 0-ன்னு கேக்கணும். அந்த ஒண்ணு தள்ளிப்போறதுதான் பாதிப் பேரைப் படுத்தும். அதுவும் சரின்னா வேர்டு ஆர்டரைத் திருப்பு. மீட்டர் ஃப்ளோட்டா அனுப்பினா 230 வோல்ட், ஹெக்ஸ்ல 4366, 0000-ன்னு ரெண்டு ரிஜிஸ்டர்ல வரும். முன்பின்னாப் படிச்சா பூஜ்யம்தான் தெரியும்.

9. சி.டி. ரேஷியோவைச் சரிபாரு. 200/5 மாட்டிட்டு 100/5-ன்னு செட் பண்ணினா, யூனிட் பாதிதான் காட்டும். கம்யூனிகேஷன் நல்லா ஓடும்; கணக்குதான் முழுசாப் பொய்.

கடைசியா ஒரு வேலை. நம்பர், பாட் ரேட், பாரிட்டி, சி.டி. ரேஷியோ எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒட்டு. நாளைக்கு ராத்திரி ஷிஃப்ட்ல மீட்டர் மாத்த வர்ற பையன் யாரையும் எழுப்பாம வேலையை முடிச்சிடுவான்.