அவன் காதில் தமிழ் இருக்கிறது

தெம்பனிஸ் ஸ்திரீட் 11
திங்கட்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுதுவிடுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

உன் மகன் தம்பிக்கு 19 மாதமாகியும் ஐந்தாறு சொல்லுக்கு மேல் வரவில்லை, இரண்டு மொழி காதில் விழுவதால் குழம்புகிறான், இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று யாரோ சொன்னதாக நேற்றுச் சொன்னாய். நீ அடுப்படியில் இருந்தபோது நடந்ததைக் கேள். "தாத்தா கண்ணாடி எங்கடா ராசா?" என்றேன். சோபாவுக்கு அடியில் குனிந்து எடுத்தான். என்னிடம் தரவில்லை, நேரே தாத்தா கையில் கொண்டுபோய் வைத்தான். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லைதான். ஆனால் தாத்தா யார், கண்ணாடி எது என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் புரிவதுதான் முதலில், பேச்சு பிறகு. பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த இத்தனை வருடத்தில் நான் கண்டது அது.

இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. அவன் சொற்களை எண்ணும்போது 'பால்', 'தா' இரண்டையும் 'கார்', 'பை-பை' இரண்டோடும் சேர்த்தே எண்ணு.

தமிழை நிறுத்தினால் என்ன போகும் தெரியுமா? 1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். இந்தியில் உள்ள த, ட ஒலி வேறுபாட்டை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் கேட்டுணர்கிறார்களா என்று பார்த்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் உணர்ந்தார்கள். பத்துப் பன்னிரண்டு மாதத்தில் மிகச் சிலர்தான் உணர்ந்தார்கள். வீட்டில் கேட்காத ஒலியைக் காது கைவிட்டுவிடுகிறது. நம் பத்து, பட்டு; பல்லி, பள்ளி எல்லாம் அந்த வகைதான். தம்பியின் காது பிறந்த நாள் முதல் இவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை இப்போதா நிறுத்துவாய்?

நான் நிறுத்தியிருக்கிறேன். என் மகன், உன் அண்ணனுக்கு மூன்று வயதில் பாலர் பள்ளி ஒன்றில் இதே அறிவுரையைச் சொன்னார்கள், நானும் கேட்டேன். பாட்டி கடைசியாகப் படுத்திருந்தபோது அவனைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். அவனுக்கு எல்லாம் புரிந்தது. பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வந்தது. அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

தாமதத்தைச் சும்மா விடு என்று நான் சொல்லவில்லை. "ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் பேசும்" என்று சொல்பவர்களையும் நம்பாதே. உன் மாமியார் வசம்பு உரசி நாக்கில் தடவச் சொன்னால் மரியாதையாக மறுத்துவிடு. பார்க்க வேண்டியது காதை. அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். அப்போது நாம் பேசுவது அவனுக்கு மங்கலாகத்தான் கேட்கும். சுகாதாரக் கையேட்டை எடுத்துக்கொண்டு தெம்பனிஸ் பலதுறை மருந்தகத்துக்குப் போ. தேவையென்றால் அவர்களே கேகே மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொல் சேர்ந்து வரவேண்டும். வந்த சொல் மறைந்துபோனால் இரண்டு வயது வரை காத்திராமல் உடனே ஓடு.

சோறூட்டும்போது போனைத் தூக்கிக் கொடுப்பதை விடு. 18 மாதம் வரை திரையே கூடாது, அதன்பின் ஆறு வயது வரை பள்ளி நேரம் போக நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு என்று சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. தமிழ்ப் பாட்டுதானே ஓடுகிறது என்று சமாதானம் சொல்லாதே. பேட்ரீஷியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் நேரில் பேசிய ஆளிடமிருந்து சீன ஒலிகளைப் பழகினார்கள். அதையே காணொளியில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. பிள்ளைக்கு முகம் வேண்டும். அவன் விரல் நீட்டினால் நீ பதில் சொல்லி, அடுத்து அவன் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். லிஃப்டில் மாடியை எண்ணு. குளிக்கும்போது காது, மூக்கு சொல்லு. 'பயம்' என்று அவன் வாழைப்பழத்தைக் கேட்டால் திருத்தாதே, "பழமா? இந்தா, பழம்" என்று கொடு. ழ கடைசியில்தான் வரும்.

மாப்பிள்ளை ஆங்கிலம் பேசட்டும், அதில் குறையில்லை. நீ தமிழை விடாதே.

இந்த வாரமே மருந்தகத்தில் நேரம் வாங்கிவிடு. சனிக்கிழமை காலையில் அவனை என்னிடம் விட்டுவிட்டுப் போ. ரவுண்ட் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய் வெண்டைக்காயை அவன் கையாலேயே பொறுக்கவைக்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா